வால் கனத்த வானூர்தி

எங்கள் மாமா ஒரு பொய் சொன்னார். தம் வாழ்நாளில் அவர் சொன்ன பொய்களுள் அதுவே மிகச் சிறியதாக இருக்கக்கூடும். ஆயினும் அதை மெய்யாக்க ஒரு குடும்பம் முழுவதும் பல வாரங்கள் பாடுபட வேண்டியிருந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. மலேசியாவின் கிள்ளானில், தாமான் என்று நாங்கள் சொல்லும் வரிசை வீட்டுக் குடியிருப்பில், எங்கள் வீட்டுப் பின்னறை அவருடையது. தெலுக் பங்லிமா காராங்கில் ஓர் ஆலையில் மேற்பார்வையாளராக வேலை பார்த்தார். தொலைக்காட்சிப் பெட்டிகள் உடையாதபடி அவற்றைச் சுற்றி வைக்கப்படும் வெண்ணிற நுரைப்பலகைகளை அந்த ஆலை செய்தது. அதற்கு நல்ல தமிழில் என்ன பெயர் சூட்டினாலும் எங்கள் வீட்டில் அது ‘போம்’ என்றே வழங்கிற்று. நானும் அப்படியே வழங்குகிறேன். அதே ஆலையின் கணக்குப் பிரிவில் பணியாற்றிய பெண் ஒருவரை மாமா விரும்பினார். அவரும் மாமாவை விரும்பினார். எஞ்சியிருந்தவர் அந்தப் பெண்ணின் தந்தை ஒருவரே.

அப்பெரியவர் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் வாழ்ந்தார். யாழ்ப்பாணத்து வழிவந்தவர், அரசாங்கத்தில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளை யாருக்குக் கொடுப்பது என்பதையும் நிலத்தை அளப்பதுபோல் மூலைக்கல் தேடியே முடிவு செய்பவர் என்று கேள்வி. அவரைக் காணப் போன மாமா, கூடத்தின் நாற்காலி நுனியில் அமர்ந்திருந்தபோது, “தம்பிக்கு என்ன பொழுதுபோக்கு?” என்று பெரியவர் வினவினார். மாமாவின் மெய்யான பொழுதுபோக்கு உறக்கம். அதைச் சொல்ல இயலாமல் விடையைத் தேடி அண்ணாந்து பார்த்தார். விட்டத்திலிருந்து சிறு வானூர்திகள் பல நூலில் தொங்கின.

“நானும் பிளேன் செய்வேன் அங்கிள்,” என்றார் மாமா.

“அப்படியோ! அப்ப ஒரு ஞாயிறு கொண்டு வாங்கோவன். பறக்க விட்டுப் பார்ப்பம்,” என்றார் பெரியவர். வேறு எதையும் அவர் சொல்லவில்லை. சரி என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை.

அதுவரை மாமா காகிதத்தில்கூட ஒரு வானூர்தி மடித்ததில்லை.

இவை யாவும் பின்னாளில் எனக்குத் தெரியவந்தவை. எனக்கு அப்போது பத்து வயது. மாமா ஒரு போட்டியில் கலந்துகொள்ளப் போகிறார், பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஒரு தாத்தாதான் நடுவர் என்று மட்டுமே எனக்குச் சொல்லியிருந்தார்கள். கல்யாணப் பேச்சு பிள்ளைகள் காதில் விழுந்தால் மறுநாளே பள்ளிக்கூடம் முழுவதும் பரவிவிடும் என்பது எங்களோடு வாழ்ந்த அத்தையின், அதாவது அப்பாவுடைய அக்காவின், அசையாத கொள்கை. பிள்ளைகளால் இரகசியம் காக்க முடியாது என்று நம்பிய அந்த அத்தைதான் அடுத்த சில வாரங்களில் தம்முடைய மிகப் பெரிய இரகசியத்தை என்னிடம் ஒப்படைத்தார்.

மாமா கைப்பேசியில் காணொளிகளைப் பார்த்துக் கற்றார். ஆலையில் கழித்துப்போட்ட போம் பலகைகளைக் கேட்டு வாங்கி வந்தார். கோலாலம்பூரில் ஒரு கடையில் விசைப்பொறியும் மின்கலமும், கையில் பிடித்து இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியும் வாங்கினார். முதல் வானூர்தி உருவாகி, ஒரு மாலையில் என் பள்ளித் திடலில் மேலெழுந்தது. எழுந்த வேகத்தில் அதன் இரு இறக்கைகளும் நடுவில் முறிந்து, வானத்திலேயே கைகூப்பி வணங்கியபடி கீழே வந்து சேர்ந்தது. திடலில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். மாமா அதை ஒரு நெகிழிப் பையில் அள்ளிக்கொண்டு வந்தார்.

“போம் நல்லதுதான், ஆனா அதுக்கு முதுகெலும்பு இல்ல லா,” என்று அன்றிரவுச் சாப்பாட்டின்போது காரணம் கண்டுபிடித்தார். ஆகவே இரண்டாவது வானூர்திக்கு முதுகெலும்பு வைப்பது என்று முடிவாயிற்று. கையில் கிடைத்த முதல் எலும்பு, இறைச்சித் துண்டுகளைக் கோத்துச் சுடும் சாத்தேக் குச்சி. அதன்பொருட்டு எங்கள் வீடு ஒரு வாரம் சாத்தே தின்றது. கச்சான் என்னும் நிலக்கடலைக் குழம்பு தொட்டுத் தொட்டு நாங்கள் கடித்து முடித்த குச்சிகளை அம்மா கழுவிக் காயவைத்தார். மாமா அவற்றை இறக்கையில் பதித்துப் பசையிட்டார். அந்தப் பசையோ ஒட்டவில்லை, தின்றது. காலையில் பார்த்தபோது இறக்கையில் எலி கடித்தது போன்ற பள்ளங்கள். போமைக் கரைக்கும் பசை, கரைக்காத பசை என்று உலகில் இருவகைப் பசைகள் உண்டு என்பதை மாமா அவ்வாறே அறிந்தார். சாத்தேக் குச்சிகளுக்குள் ஒன்றுக்கொன்று எடையில் வேறுபாடு உண்டு என்பதையும் அப்போதே அறிந்தார். எங்களுக்கு வருத்தம் தந்தது இரண்டாவது அறிவுதான். மறுநாளிலிருந்து சாத்தே வரவில்லை.

மூன்றாவது வானூர்தியை மாமா அவசரப்படாமல் செய்தார். இறக்கையின் நெடுக்கே கத்தியால் மெல்லிய வெட்டு ஒன்று இட்டு, அதனுள் தலைமயிர் நிறத்துக் கார்பன் தண்டு ஒன்றைச் செலுத்தி மூடினார். இறக்கையின் அடிப்புறத்தில் நாரிழை ஓடும் ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டினார். போமை மடித்து நீண்ட பெட்டிபோல் உடலைச் செய்தார். மூக்கில் ஒரு சிறு கதவு. அதைத் திறந்தால் மின்கலம். பின்னாலோ, வால்வரை இருண்ட வெற்றிடம். சக்கரங்கள் இல்லை, கையால் எறிந்தே பறக்கவிட வேண்டும். இறக்கையின் இரு நுனிகளையும் பிடித்து மாமா மெல்ல வளைத்தபோது அது வளைந்து, விட்டதும் நிமிர்ந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்து வந்தது சமநிலை. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, அதன் அகலத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு தள்ளி, அடிப்புறத்தில் மாமா இரு புள்ளிகள் வைத்தார். அப்புள்ளிகளின்மேல் இரு சுட்டுவிரல்களை மட்டும் கொடுத்துத் தூக்கினால், வானூர்தி சாயாமல் தட்டாக நிற்க வேண்டும். மூக்கு ஓர் இம்மி தாழ்ந்தால் இன்னும் நல்லது. வால் தாழ்ந்தால் கெட்டது. வால் கனத்த வானூர்தி மூக்கைத் தூக்கிக்கொண்டு, மேலே போவதுபோல் போக்குக் காட்டி, திடுமென விழுந்துவிடும். இதை மாமா எனக்கு விளக்கியபோது அவர் முகத்தில் ஒரு பக்தி தெரிந்தது. மின்கலத்தை முன்னே தள்ளி, பின்னே தள்ளி, ஒரு புதன்கிழமை மாலை வானூர்தி அவர் விரல்களின்மேல் கொக்கு நிற்பதுபோல் நின்றது. மறுகணமே அவர் ஆணை பிறப்பித்தார்.

“இதுமேல யாரும் எதையும் வைக்கக் கூடாது. பொட்டு வேணாம், பூ வேணாம், கயிறு வேணாம். அக்கா, உங்களத்தான் சொல்றேன்.”

“நான் ஏன்டா வைக்கப் போறேன்?” என்றார் அம்மா.

இவ்விடத்தில் எங்கள் குடும்ப வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பூசை போடாமல் எங்கள் வீட்டு வண்டி எதுவும் தெருவில் இறங்கியதில்லை. என் மிதிவண்டிக்கும் சந்தனம் உண்டு. சக்கரத்தின் கீழ் எலுமிச்சை உண்டு. அப்பா கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிச் செல்லும் லோரி ஓட்டுநர். அவருடைய லோரியின் முன்கண்ணாடியில் அம்மா ஒட்டிய சாமிகள் போக எஞ்சிய இடத்தின் வழியாகத்தான் அவர் சாலையைப் பார்ப்பார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வானத்துக்கே போகவிருந்த ஒரு வண்டி வெறும் நெற்றியோடு போக வேண்டும் என்றால் யாருக்குத்தான் மனம் வரும்?

வியாழக்கிழமை காலை, மாமா வேலைக்குப் போன பிறகு, அம்மா பின்னறைக்குள் நுழைவதைக் கண்டேன். கையில் கோயில் விபூதிப் பொட்டலம் ஒன்று மஞ்சள் துணியில் முடிந்திருந்தது. மூக்குப் பகுதியை மாமா நாள்தோறும் திறந்து பார்ப்பார் என்பது அம்மாவுக்குத் தெரியும். வால் வெற்றிடத்தை யாரும் பார்ப்பதில்லை. குச்சியால் தள்ளிப் பொட்டலத்தைக் கடைக்கோடியில் சேர்த்துவிட்டுத் திரும்பியவர் என்னைக் கண்டார்.

“மாமாகிட்ட சொல்லக் கூடாது. சாமி விஷயம்.”

நான் தலையசைத்தேன்.

அன்று பிற்பகலே அத்தை வந்தார். அவருடைய நியாயம் வேறு. சக்கரம் உள்ள வண்டி எலுமிச்சையை நசுக்கிவிட்டுப் போகும். சக்கரம் இல்லாத வண்டி எலுமிச்சையைக் கூடவே கொண்டு போக வேண்டும். வேலியோரம் காய்த்த கஸ்தூரி எலுமிச்சைகளில் நெல்லிக்காய் அளவில் ஒன்றைப் பறித்து வந்து, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்து, வாலுக்குள் உருட்டிவிட்டார். “சின்னதுதான் லா. ஒன்னும் ஆகாது. உங்க அம்மாவுக்குக்கூடத் தெரியக் கூடாது, சொல்லிட்டேன்.”

அப்பாவுக்கு இத்தகைய நம்பிக்கைகள் கிடையாது. அவர் நம்பியது கட்டு ஒன்றையே. லோரியில் பாரம் ஏற்றிக் கயிறு இறுக்குபவர் அவர். வேலை முடிந்து வந்து, மாமா குளிக்கப் போன இடைவெளியில், வானூர்தியின் வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். “என்னா இது, அப்பளம் மாதிரி இருக்கு? நடுவானத்துல ஒடஞ்சா மாப்ள மானம் போயிடும்,” என்றபடி, பட்டறையில் கிடந்த அலுமினியப் பட்டை ஒன்றை வெட்டி, வாலின் உட்புறமாகச் செருகி ஒட்டிவிட்டார். பின்பு என் பக்கம் குனிந்து, “அவன்கிட்ட சொல்லாத, பாப்பா. அவனுக்கு ரோஷம் ஜாஸ்தி,” என்றார்.

மாமா குளித்துவிட்டு வந்து வானூர்தியை விரல்களில் தூக்கினார். வால், களைத்த மாட்டின் வாலைப்போல் தொங்கியது.

அவர் மறுபடியும் தூக்கினார். புள்ளிகளைச் சரிபார்த்தார். விரல்களையே ஐயத்தோடு பார்த்தார். பின் சன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்ததைக் கவனித்துத் தெளிவடைந்தார். “போம் ஈரத்தக் குடிக்குது. கிள்ளான் காத்துல தண்ணி ஜாஸ்தி,” என்றார். அன்றிரவு வானூர்தி, வீட்டிலேயே குளிரூட்டி இருந்த ஒரே அறையான அப்பா அம்மாவின் அறையில், அவர்கள் கட்டிலின் கால்மாட்டில் படுத்துறங்கியது. காலையில் மாமா அம்மாவின் தலையுலர்த்தியால் அதன் வாலுக்கு வெப்பக் காற்று அடித்தார். வால் மேலும் சூடாயிற்று, இலேசாகவில்லை.

வேறு வழியின்றி மாமா மூக்கில் எடை சேர்த்தார். அப்பாவின் தூண்டில் பெட்டியிலிருந்து ஈயக் குண்டுகளை எடுத்து மூக்கினுள் ஒட்டினார். இறக்கையிலிருந்து மூக்கு அருகில், வாலோ தொலைவில். ஏற்ற இறக்கப் பலகையின் கோடியில் அமர்ந்த சிறுவனைத் தூக்க, நடுவுக்கு அருகே இரண்டு தடியர்கள் அமர வேண்டியிருப்பதுபோல, வாலில் அத்தை உருட்டிவிட்ட ஓர் எலுமிச்சைக்கு மாமா மூக்கில் கைநிறைய ஈயம் கொடுக்க வேண்டியிருந்தது. விளைவாக வானூர்தி சமநிலை அடைந்தது, கூடவே கனத்தது. இறகுபோல் இருந்த பொருள் இப்போது எடுத்தவர் கையில் இளநீர்க்காய் போல் இருந்தது. மாமா உண்ணாமல் மோட்டுவளையைப் பார்த்தபடி படுத்துக்கிடந்தார். அதைக் கண்ட அம்மா, தம்பியின் கவலை தீர வேண்டி, இரண்டாவது விபூதிப் பொட்டலத்தையும் வாலுக்குள் தள்ளினார்.

இப்படியாக, மாமாவின் கவலை கூடக் கூட வாலின் எடை கூடியது. வாலின் எடை கூடக் கூட மாமாவின் கவலை கூடியது. இந்த வட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது அவ்வீட்டில் என் ஒருத்திக்கே தெரியும். சொல்லிவிடலாமென்று பல முறை வாய் திறந்தேன். ஆனால் ஒருவர் இரகசியத்தைச் சொன்னால் மற்ற இருவர் இரகசியமும் தானே அவிழ்ந்துவிடும். கொடுத்த வாக்கைக் காப்பதுதான் மனிதருக்கு அழகு என்று அந்த வாரந்தான் பள்ளியில் நான் கட்டுரை எழுதி, வகுப்பில் படித்தும் காட்டியிருந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

சனிக்கிழமை மாலை, கடைசி ஈயக்குண்டோடு வானூர்தி மீண்டும் தட்டாக நின்றது. மாமா அதன்மேல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டு, இரண்டு நாட்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை விடியலில் அத்தை எழுந்து, வாடிப்போன எலுமிச்சை வேலைக்கு ஆகாது என்று அதை எடுத்துவிட்டு, பனி சொட்டும் புதுக்காய் ஒன்றை உள்ளே வைத்தார். அது முந்தியதைக் காட்டிலும் பெரிது.

பறக்கவிடக் குறித்திருந்த இடம், எண்ணெய்க்காக வளர்த்த செம்பனை மரங்களை வெட்டி, புதிய ஆலைகளுக்காக நிரவிப்போட்ட ஒரு வெட்டவெளி. விளிம்பில் மட்டும் இன்னும் வெட்டப்படாத செம்பனைகள் வரிசையாய் நின்றன. நாங்கள் காரில் போய் இறங்கியபோது பெரியவர் முன்பே வந்திருந்தார். தொப்பியும் முழங்கால்வரை காலுறையும் அணிந்து, மடக்கு நாற்காலியில் அமர்ந்திருந்தார். அருகில் அவர் மகள், நீலச் சுடிதாரில், ஒரு குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவரை நான் நடுவரின் உதவியாளர் என்று கொண்டேன். எங்கள் வீட்டார் அனைவரும் தீபாவளிக்கு உடுத்துவதுபோல் உடுத்தியிருந்ததும், மாமாவின் முகத்தில் அத்தனை தூள் பூசியிருந்ததும் எனக்குப் போட்டியின் தரத்தை உணர்த்தின.

பெரியவர் வானூர்தியை இரு கைகளாலும் வாங்கினார். கைகள் சற்றுத் தாழ்ந்தன. “கொஞ்சம் பாரம் போல,” என்றார். இறக்கையை நுனிகளில் பிடித்து வளைத்துப் பார்த்தார், விரலால் தட்டினார், நாடா ஒட்டிய நேர்த்தியை மூக்குக்கண்ணாடியைத் தாழ்த்தி நோக்கினார். “செட்டை வடிவா செய்திருக்கிறீர், தம்பி.” மாமாவின் தோள்கள் உயர்ந்தன. இறக்கையை அவர் செட்டை என்றது எனக்குப் பிடித்துப்போயிற்று. பின்னர் பெரியவர் இரு சுட்டுவிரல்களைப் புள்ளிகளின்மேல் கொடுத்து வானூர்தியைத் தூக்கினார்.

வால் விழுந்தது.

“நேத்து சரியா இருந்திச்சு அங்கிள்! காத்துல ஈரம்... போம் ஈரத்தக் குடிச்சிருக்கும்,” என்றார் மாமா.

பெரியவர் வாலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“ஈரத்துக்கு எலுமிச்சை மணக்காது, தம்பி.”

மாமா ஒன்றும் விளங்காமல் திரும்பி எங்களைப் பார்த்தார். அத்தை வானத்தைப் பார்த்தார். அம்மா செம்பனைகளைப் பார்த்தார். அப்பா தம் காலணியைப் பார்த்தார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது; ஆதலால் ஒவ்வொருவரும் குற்றம் முழுவதும் தம்முடையதே என்று எண்ணிக்கொண்டார். பார்ப்பதற்கு வேறொன்றும் மிச்சமில்லாததால் நான் பெரியவரைப் பார்த்தேன், அதுவே பிழையாயிற்று.

“பிள்ளைக்குத் தெரியுமோ?” என்றார் அவர்.

“சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, தாத்தா.”

“ஆர் சொன்னது?”

“எல்லாரும்.”

நடுவரின் உதவியாளர் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அப்பால் திரும்பினார். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தம் குடும்பத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையை நீட்டி, “பிரிச்சுப் பாருங்க அங்கிள்,” என்றார்.

பெரியவர் சட்டைப்பையிலிருந்து சிறு கத்தியை எடுத்து, வாலின் அடிப்புறத்தில் ஒட்டுநாடாவை நேராகக் கீறித் திறந்தார். முதலில் எலுமிச்சை உருண்டு வந்தது. அவர் தம் கைக்குட்டையை நாற்காலியின்மேல் விரித்து, அதை அதன்மேல் வைத்தார்.

“அது நான்தான்,” என்றார் அத்தை, யாரும் கேட்பதற்கு முன்பே. “சக்கரம் இல்லாத வண்டிங்க ஐயா, வேற எப்படிச் செய்றது?”

அடுத்து ஒரு மஞ்சள் பொட்டலம் வந்தது. அம்மா தலை குனிந்தார். அதன்பின் இன்னொன்றும் வந்தது.

“அக்கா! ரெண்டா?”

“நீதான் மறுநாளும் சாப்பிடாமப் படுத்திருந்தியேடா.”

கடைசியில் அலுமினியப் பட்டை, அறுபட்ட பசையோடு, நீண்டு நீண்டு வெளிவந்தது. மாமாவுக்கு இதுவே பேரிடியாய் இருந்திருக்க வேண்டும். “மச்சான், நீங்களுமா?” என்றார்.

“வால் ஆடுச்சு, மாப்ள,” என்றார் அப்பா. “நீ அடி படாம இருக்கணும்னுதான். அதாவது, பிளேன்.”

பெரியவர் சிரிக்கவில்லை. மூக்கின் கதவைத் திறந்து மாமா ஒட்டியிருந்த ஈயக் குண்டுகளையும் ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்துக் கைக்குட்டையின் மறுபக்கத்தில் குவித்தார். ஒரு பக்கம் ஈயம். மறுபக்கம் எலுமிச்சையும் விபூதியும் அலுமினியமும். அந்த இரு குவியல்களையும் நெடுநேரம் மாறி மாறிப் பார்த்தார். காற்று வீசியது. மடக்கு நாற்காலி கிறீச்சிட்டது. போட்டியிலிருந்து எங்களை விலக்கத்தான் போகிறார் என்றே நினைத்தேன்.

“எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாம் அங்கிள்,” என்றார் மாமா, மிகத் தாழ்ந்த குரலில்.

“ஏன் எறிய வேணும்?” என்றார் பெரியவர். “பின்னுக்கு வைச்சால் இழுத்து விழுத்தும். முன்னுக்கு வைச்சால் பாரமில்லை, துணைதான்.”

விபூதிப் பொட்டலங்களையும் எலுமிச்சையையும் அவரே மூக்கினுள் வைத்து ஒட்டினார். மின்கலத்தை ஒரு விரற்கடை பின்னே தள்ளினார். ஈயத்தை மீண்டும் வைக்கவில்லை. அலுமினியப் பட்டையை மட்டும் அப்பாவிடம் நீட்டி, “இது லொறிக்கு,” என்றார். அப்பா அதைப் பரிசுபோல் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பின்பு உதவியாளர் அக்கா, கீறிய வாலைப் புது நாடாவால் ஒட்டிக் கொடுத்தார். மாமா தம் விரல்களில் வானூர்தியைத் தூக்கினார். அது தட்டாக நின்று, ஓர் இம்மி மூக்கைத் தாழ்த்தி, எங்கள் எல்லாரையும் வணங்குவதுபோல் இருந்தது.

எறிந்தவர் அப்பா. விசைப்பொறி சீறியது. வானூர்தி ஒரு கணம் தயங்கி, பிறகு தனக்குப் பறக்கத் தெரியும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல் எழுந்தது. அம்மா இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார். “போகுது! போகுது லா!” என்று அத்தை கூவினார். வெண்ணிற இறக்கைகள் வெயிலில் மின்ன, அது வெட்டவெளியைச் சுற்றிவந்தது. இறக்கை வளைந்தது, முறியவில்லை. வால் ஆடவில்லை. அப்பா அலுமினியப் பட்டையை ஒரு கொடிபோல் அசைத்துக்கொண்டிருந்தார்.

சுற்றி முடித்து எங்களை நோக்கித் திரும்பி வந்தபோதுதான் இடர் நேர்ந்தது. நம்மை விட்டு விலகிப் போகையில் அதன் இடக்கை நமக்கும் இடக்கை. நம்மை நோக்கி வருகையில் அதன் இடக்கை நமக்கு வலக்கை. காணொளிகளில் இதை மாமா கேட்டிருந்தார், கைகள் கேட்டிருக்கவில்லை. அவர் திருப்பத் திருப்ப வானூர்தி செம்பனைகளை நோக்கியே சாய்ந்தது.

“ஐயோ, அந்தப் பக்கம் இல்ல! மாத்தி, மாத்தி!” என்று கத்திக்கொண்டே ஓடிவந்த உதவியாளர் அக்கா, மாமாவின் பின்னே நின்று, கருவியைப் பிடித்திருந்த அவர் கைகளின்மேல் தம் கைகளை வைத்துத் திருப்பினார். வானூர்தி நிமிர்ந்தது. ஆனால் உயரம் போதவில்லை. கடைசிச் செம்பனையின் கொண்டைக்குள், கூட்டுக்குத் திரும்பும் பறவைபோல், அது மெத்தென்று அமர்ந்து நின்றுவிட்டது.

எனக்கு உலகம் இருண்டது. வானூர்தி மரத்தில் மாட்டியது ஒரு தோல்வி. அதனினும் பெரியது, நடுவரின் உதவியாளரே போட்டியாளரின் கருவியைத் தொட்டது. இதைவிடப் பெரிய விதிமீறல் இருக்க முடியுமா? போதாக்குறைக்கு, பறத்தல் முடிந்த பின்னும் அவர்கள் இருவரும் கைகளை எடுக்க மறந்து நின்றார்கள். நடுவர் பார்த்துவிட்டாரோ என்று பதறித் திரும்பினேன். நல்ல வேளை, அவர் பார்க்கவில்லை. தொப்பியைச் சற்றுப் பின்னே தள்ளிவிட்டு வானத்தையே கவனமாக நோக்கிக்கொண்டிருந்தார். அங்கே அப்போது ஒன்றுமே இல்லை.

அப்பா நீண்ட கழி ஒன்றைத் தேடிப்பிடித்து வானூர்தியைக் கீழே இறக்கினார். ஒரு கீறல்கூட இல்லை. பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மாமாவிடம் கொடுத்தார். “வீட்டில மொத்தம் எத்தனை பேர்?” என்று அம்மாவைக் கேட்டார். குற்றவாளிகளின் கணக்கைத்தான் எடுக்கிறார் என்று எண்ணினேன். “இவ்வளவு பேர்தாங்க ஐயா,” என்றார் அம்மா. பெரியவர் எங்கள் வரிசையை ஒருமுறை பார்த்துத் தலையசைத்தார். காரில் ஏறுமுன் அப்பாவின் பக்கம் திரும்பி, “வாற ஞாயிறு நாங்கள் உங்கட வீட்டுக்கு ஒருக்கால் வரலாமோ? பேச வேணும்,” என்றார்.

“தாராளமா வாங்க ஐயா, தாராளமா!” என்று அப்பாவும் அம்மாவும் அத்தையும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவர்கள் இப்படி மகிழ்ந்தது எனக்கு வியப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து பேச வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அது நன்மையில் முடிவதில்லை என்பதை நான் பள்ளி அனுபவத்தில் அறிந்திருந்தேன். சென்ற ஆண்டு என் கணித ஆசிரியையும் இதே சொற்களைத்தான் சொன்னார்.

திரும்பும் வழியில் கார் முழுவதும் சிரிப்பு. கேசரியா, பாயசமா என்று அத்தை அம்மாவோடு வழக்காடினார். வானூர்தியை மடியில் கிடத்தியிருந்த மாமா எதையும் கேளாமல் தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் நான் அழத் தொடங்கினேன்.

“என்னா பாப்பா? ஏன் அழுவுற?” என்றார் மாமா.

“நம்ம தோத்துட்டோம்தானே?”

அம்மாவும் அத்தையும் என் பக்கம் திரும்பினார்கள். பின்னர் முன்னைவிட இரு மடங்காக வெடித்த சிரிப்பில் அப்பா காரை ஓரங்கட்டி நிறுத்த வேண்டியதாயிற்று. தோற்றுப்போன வெட்கம் கொஞ்சமும் இல்லாத ஒரு குடும்பத்தில் பிறந்துவிட்டேனே என்று நொந்து, நான் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.